பொழுது போக்கா? புத்தி போக்கா?

நமது நாட்டில் "பொழுது போக்கு" என்று ஒரு வார்த்தை வழங்கி வருகின்றது. பொழுது என்பது ஒருவரும் போக்காமலேயே தானாகப் போய்க் கொண்டிருக்கின்ற வஸ்து. வயலில் நிற்கிறவனுக்கும் போகிறது. வாசல் திண்ணையில் படுத்துக் கிடக்கிறவனுக்கும் போகிறது. இப்படித் தானாகப் போகின்ற ஒன்றைப் பிடித்துத் தள்ளுவதற்காக மனிதன் தன் காசையும் கண்ணையும் தூக்கத்தையும் செலவு செய்ய வேண்டிய அவசியம் என்ன என்று நாம் கேட்கின்றோம். போகின்ற பொழுதோடு கூடப் புத்தியும் போய்விடுமானால் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைப்பதைவிடப் புத்திபோக்கு என்று பெயர் வைப்பதே பொருத்தமாகும்.

நாஞ்சில் நாட்டில் இன்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தோவாளையில் பூக்கட்டுகிறவர் மடியிலும், கோட்டாற்றுக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கின்றது. மாலையானால் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடர். விளக்கணைத்துப் படுத்த பின்பும் போர்வைக்குள் வெளிச்சம். இதனால் நாம் சினிமாவையோ தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ ஒழிக்க வேண்டுமென்று சொல்ல வந்திருப்பதாக யாரும் கருத வேண்டாம். அப்படிச் சொல்லுவதற்கு நாம் சந்நியாசி மடம் நடத்துகிறவர்களல்ல. மனிதன் உழைத்துவிட்டு வந்து சிரிக்கவும் பாட்டுக் கேட்கவும் கதை பார்க்கவும் விரும்புவது இயற்கை. நமது ஆட்சேபணையெல்லாம் பார்ப்பதைப் பற்றியல்ல. பார்க்கின்ற விதத்தைப் பற்றியேயாகும்.

அது என்ன விதமென்றால், முன்காலத்தில் கோயில் மண்டபத்தில் பாகவதர் காலட்சேபம் செய்வார். அனுமார் கடலைத் தாண்டினார் என்பார், ஜனங்கள் தலையாட்டுவார்கள். மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தார் என்பார். கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். எப்படித் தாண்டினார் என்று கேட்டால் பாவம். கேட்காமல் வீட்டுக்குப் போனால் புண்ணியம். இன்று அந்தப் பாகவதர் மண்டபத்தைக் காலி செய்துவிட்டுக் கைப்பேசிக்குள் குடி புகுந்திருக்கின்றார். பாகவதரின் ஜாகை மாறிற்றே ஒழிய நம்மவர்களின் தலையாட்டம் மாறவில்லை.

அன்றியும், பழைய பாகவதருக்கு இல்லாத ஒரு சாமர்த்தியம் இந்தப் புதிய பாகவதருக்கு உண்டு. பழையவர் எல்லோருக்கும் ஒரே கதையைத்தான் சொன்னார். புதியவரோ, நீங்கள் எதை அதிக நேரம் உற்றுப் பார்த்தீர்கள் என்று கணக்கு வைத்துக் கொண்டு, அந்த ஜாதிச் சரக்கையே மேலும் மேலும் எடுத்து வைக்கின்றார். பேய்க்கதை பார்த்தவனுக்குப் பேய் வந்துகொண்டே இருக்கின்றது. ஜாதிப் பெருமை பார்த்தவனுக்கு ஜாதிப் பெருமையே வந்து குவிகின்றது. அவனோ ஊரெல்லாம் இதையே பேசுவதாக எண்ணிக்கொள்ளுகிறான். இதற்கு நடுவில், நமது கண் எத்தனை நேரம் அங்கே இருந்தது என்பதை வைத்து விளம்பர வியாபாரம் நடக்கின்றது. காலட்சேபத் தட்டில் போட்ட காசாவது நமக்குத் தெரிந்து போட்ட காசு. இங்கே எதைக் கொடுத்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இதில் என்ன மோசம் வந்துவிட்டது, சும்மா பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று சிலர் சொல்லலாம். 2018-ஆம் வருஷம் மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே நடந்த சங்கதியை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகின்றோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு புரளி கைப்பேசிகளில் சுற்றிக் கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் கோயிலுக்குப் போவதற்காக உறவினரோடு காரில் வந்த ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான், கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றுவிட்டது. அடித்தவர்கள் பிறவிக் கொலைகாரர்களா? இல்லை. வந்த செய்தியைப் பார்த்து, "இதை யார் சொன்னது, எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேட்காதவர்கள், அவ்வளவே. அந்த வருஷம் ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனியார் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் தள்ளி விட முடியாதபடி கட்டுப்பாடு செய்ய நேர்ந்ததென்றால், நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதை வாசகர்களே யூகித்துக் கொள்ளலாம். ஆகவே, சும்மா பார்ப்பது என்பது சும்மா இருந்து விடுவதில்லை. சில சமயம் அது உயிரையும் வாங்கி விடுகின்றது.

இது நிற்க. இதற்குப் பரிகாரம் என்ன? பார்க்காதே, படிக்காதே என்றால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பார்த்ததற்கும் படித்ததற்கும் உன் கைச்சரக்காக ஒரு பதில் செய் என்பதுதான் நாம் சொல்லுகின்ற பரிகாரம். பதில் என்றால் கேள்வியாக இருக்கலாம், எழுத்தாக இருக்கலாம், பாட்டாக, நாடகமாக, சோதனையாக இருக்கலாம். இதற்கு நாம் அமெரிக்காவிலிருந்து சாட்சி கொண்டு வர வேண்டியதில்லை. நமது நாஞ்சில் நாட்டு மண்ணிலேயே சாட்சிகள் இருக்கின்றார்கள்.

முதலாவதாக, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை எடுத்துக் கொள்ளுவோம். 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் சிறுவனாக இருந்துதான் அவர் நாடகத்தைப் பார்த்தார். கொட்டகையில் ஆயிரம் பேர் பார்த்த அதே நாடகம்தான். மற்றவர்கள் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள். இவர் பார்த்துவிட்டு யோசனை செய்தார்.

அவர் செய்த காரியங்களில் ஒன்று "கிந்தனார்" காலட்சேபம். நந்தனார் கதை வாசகர்களுக்குத் தெரியும். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் நந்தனைக் கொடுமைப்படுத்துகிற பண்ணை வேதியர் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடியபோதுதான் அந்த வேதியரும், அவர் ஒரே இரவில் முடிக்கச் சொன்ன நாற்பது வேலி வயல் வேலையும் கதைக்குள் வந்து சேர்ந்தன. அதாவது, பக்தர்களே கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தங்களுக்குப் பட்டதைச் சேர்த்துத்தான் இருக்கின்றார்கள். ஆனால் இரண்டிலும் நந்தன் கடைசியில் நெருப்பில் குளித்துத்தான் கோயிலுக்குள் போக முடிந்தது. கலைவாணர் இதைக் கேட்டார். நெருப்பில் ஏன் குளிக்க வேண்டும், ரயிலில் ஏறினால் என்ன என்று நினைத்தார். அவருடைய கிந்தன் சிதம்பரத்துக்குப் போகவில்லை. பட்டணத்துக்குப் போய்ப் படித்தான். படித்து உத்தியோகஸ்தனாகி, தன்னை அவமதித்த பள்ளிக்கூடத்தையே மேற்பார்வையிட வந்தான். இந்தக் காலட்சேபம் அண்ணாதுரையின் கதை வசனத்தோடு 1949-இல் வந்த "நல்லதம்பி" படத்திலும் இடம் பெற்றது. பாகவதரின் ஜால்ராவையும் சுருதியையும் கதை சொல்லும் முறையையும் அப்படியே எடுத்துக் கொண்டு, அதன் வயிற்றிலிருந்த சரக்கை மட்டும் மாற்றிவிட்டார். ஆயிரம் கண்டனக் கூட்டங்கள் செய்ய முடியாத வேலையை அந்தச் சிரிப்பு செய்தது. அதேபோல் அம்மன் கொடைக்கே உரியது என்றிருந்த நமது வில்லுப்பாட்டை எடுத்துக் காந்தியார் சரித்திரம் பாடவும் செய்தார். வில் பழையது, குடம் பழையது, விஷயம் புதியது.

இரண்டாவது சாட்சி, 1876-இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. இவர் நமது கொள்கைக்காரரல்ல, பக்தர். ஆனாலும் அவர் செய்த காரியத்தைச் சொல்லாமலிருப்பது யோக்கியமாகாது. ஊர்தோறும் தலபுராணம், மான்மியம் என்று ஒவ்வொரு கோயிலின் பெருமையையும் பாடுகின்ற நூல்கள் இருந்தன. அவற்றைப் படித்தவர்களெல்லாம் புண்ணியம் கிடைத்ததென்று மூடி வைத்தார்கள். கவிமணியோ அந்த "மான்மியம்" என்ற பெயரையே எடுத்து, "நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்" என்று பாடினார். சொந்தப் பிள்ளைகள் தெருவில் நிற்க, சொத்து மருமகனுக்குப் போகின்ற வழக்கத்தின் "மகிமை"யை, ஒரு காரணவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் வாயிலாக அழவும் சிரிக்கவும் சொன்னார். அது 1917, 1918 வருஷங்களில் "தமிழன்" என்ற பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது. 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வழக்கத்திற்கு முடிவு கட்டிற்று. ஒரு பாட்டினால் மாத்திரமே சட்டம் வந்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குப் பலர் பாடுபட்டார்கள். ஆனால் சட்டம் வருமுன் ஜனங்கள் மனத்தில் வெட்கம் வர வேண்டும். அந்த வெட்கத்தை அந்தப் பாட்டு வரவழைத்தது என்பதை மறுப்பவர் இல்லை.

மூன்றாவது சாட்சி, 1907-இல் பூதப்பாண்டியில் பிறந்த தோழர் ப. ஜீவானந்தம். பகத்சிங் லாகூர்ச் சிறையிலிருந்து எழுதிய, தான் நாத்திகனானதற்குக் காரணம் கூறும் கட்டுரை, அவர் தூக்கிலிடப்பட்ட பிறகு 1931 செப்டம்பரில் லாகூர்ப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அதை இங்கிலீஷில் படித்தவர்கள் இந்நாட்டில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். படித்து, "ஆகா" என்று சொல்லி வைத்து விட்டிருப்பார்கள். ஜீவாவோ ஈரோட்டில் சுயமரியாதைத் தொண்டிலிருந்தபோது அதைத் தமிழாக்கினார். இயக்க அச்சகம் அதைப் புத்தகமாக்கிற்று. சர்க்கார் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. ஒரு கட்டுரையைப் படித்ததற்காக ஒருவரும் ஜெயிலுக்குப் போனதில்லை. படித்ததை நாலு பேருக்கு எட்டும்படி செய்ததற்காகத்தான் ஜெயில் வந்தது. எது பலமுள்ள காரியம் என்பதைச் சர்க்காரே அத்தாட்சி கொடுத்துக் காட்டிவிட்டது.

இவர்களெல்லாம் பெரியவர்கள், நம்மால் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனை யார் அன்றைக்குப் பெரியவன் என்றார்கள்? திருவாரூரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த கருணாநிதி கையெழுத்துப் பத்திரிகை நடத்தியபோது அவரை யாருக்குத் தெரியும்? 1942-இல் "முரசொலி" ஒரு துண்டுப் பிரசுரமாகத்தானே புறப்பட்டது? மேலும், 1925-இல் "குடி அரசு" பிறந்த காலத்தில் நம்மவரில் எழுத்தறிந்தவரே சொற்பம். ஒருவர் சலூனில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சவரம் செய்கிறவரும், செய்து கொள்கிறவரும், வெறுமனே வந்து நிற்கிறவரும் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் இயக்கத்தை வளர்த்தது. தனியாகப் படுத்துப் படித்திருந்தால் பத்திரிகை விற்றிருக்கும், இயக்கம் வளர்ந்திராது.

நேரமில்லை என்பார்கள். தூங்கும் வரை பார்க்க நேரமிருக்கிறவனுக்கு, அதில் கால் மணி நேரம் யோசிக்க மாத்திரம் நேரமில்லை என்றால் அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆகவே, காரியத்தில் என்ன செய்வது என்பதைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, இருபது ரூபாயில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அன்று பார்த்ததில், படித்ததில், கேட்டதில் ஏதாவது ஒன்றைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதைச் சொல்லுகிறவன் யார்? இதை நாம் நம்பினால் யாருக்கு லாபம்? இது உண்மையென்று எப்படித் தெரியும்? விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். தெரியாது என்று எழுதக் கற்பதே பாதிப் பகுத்தறிவு.

நம் பக்கத்துக் கொடைகளில் வில்லடியில் பாடப்படுகின்ற முத்துப்பட்டன் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். பார்ப்பனனாகிய பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் விட்டுச் செருப்புத் தைக்கப் போனான் என்பது கதை. ஆனால் சில பாடங்களில், அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனப் பெண்கள்தான், காட்டில் கிடந்தவர்களை எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு கிளைக்கதை இருக்கும். இதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் லட்சம் பேர். பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்தபோது, அது பின்னால் செருகப்பட்டது என்று எடுத்துக் காட்டினார். இதை யார் செருகினார்கள், செருகியதில் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள்; ஒரு ஜாதியின் சரித்திரமே வெளியில் வந்துவிடும். இரவெல்லாம் விழித்துக் கொடை பார்க்கிறவனுக்கு இந்த வேடிக்கையும் சேர்ந்தால் நஷ்டமென்ன?

இரண்டாவது, வீட்டிலுள்ள நமது தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் சொல்லுகின்றோம். தொடர் பார்க்காதீர்கள் என்று உங்களைக் கண்டிக்கிற ஆண்பிள்ளைகள், தாங்கள் கைப்பேசியில் பார்க்கின்ற குப்பையைக் கணக்கில் சேர்ப்பதில்லை; அவர்களை நாம் பொருட்படுத்தவில்லை. தாராளமாகப் பாருங்கள். ஆனால் மருமகள் சொத்தில்லாமல் அழுதுகொண்டு தாய்வீட்டு வாசலில் நிற்கும்போது, கூட அழாமல் ஒரு கேள்வி கேளுங்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு 1929-இலேயே தீர்மானம் செய்தது. 1989-இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனைப் போலவே பரம்பரைச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டமாயிற்று. 2005-இல் இந்தியா முழுவதற்கும் அதுபோல் வந்துவிட்டது. அப்படியிருக்க இந்தத் தொடர்க் கதாநாயகிக்கு மட்டும் அந்தச் சட்டம் ஏன் தெரியவில்லை? மறுநாள் கதை எப்படிப் போக வேண்டுமென்று நாலு பெண்கள் சேர்ந்து நீங்களே எழுதுங்கள். எழுதியதைப் பிள்ளைகளைக் கொண்டு நடிக்கச் சொல்லுங்கள். கவிமணி காட்டிய ஐந்தாவது மனைவி அழுதது 1917-இல். இன்றும் பெண்ணுக்கு அழுகை ஒன்றே வேஷமானால் அது யார் குற்றம்?

மூன்றாவது, சோதித்துப் பாருங்கள். 1995 செப்டம்பர் 21-ஆம் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊருக்கு ஊர் டெலிபோனில் சொல்லி, தேசமே பால் கிண்ணத்தோடு கோயில் வாசலில் நின்றது. கரண்டியை ஓரமாகச் சாய்த்து ஈரக் கல்லில் தொட வைத்தால், பாலின் மேற்பரப்பிலுள்ள இழுவிசையினால் அது கல்லோடு ஒட்டி மெல்லிய ஏடாக வழிந்து கீழே போகும் என்று விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலை வைத்துக் காட்டினார்கள். இதை உங்கள் வீட்டு அம்மிக் குழவியிலேயே செய்து பார்க்கலாம். இப்போது ஒவ்வொருவர் கையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கின்றது. இப்படிப்பட்ட சங்கதி வந்தால், அதை மற்றவருக்குத் தள்ளி விடுவதற்குப் பதிலாக, சோதனையைப் படம் பிடித்து வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். பொய் வந்த கருவியிலேயே மெய்யும் போகும். கருவிக்கு ஜாதியுமில்லை, மதமுமில்லை.

நான்காவது, வாரத்தில் ஒரு மாலை சலூனிலோ படிப்பகத்திலோ தேநீர்க் கடையிலோ பத்துப் பேர் கூடுங்கள். நோட்டில் எழுதியதை ஒவ்வொருவரும் படிக்கட்டும், மற்றவர்கள் மறுக்கட்டும். நல்லதைத் திரட்டிக் கையெழுத்துப் பத்திரிகையாகச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டு வருகிறவன் வில்லில் பாடட்டும். இதற்குச் சந்தா வேண்டாம், தலைவர் வேண்டாம், பன்னீர் தெளிக்க வேண்டாம்.

கடைசியாக, நமது தோழர்களுக்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, ஆம், பக்தர்கள் இப்படித்தான் மூடர்களாக இருக்கிறார்கள் என்று நமது தோழர்கள் மகிழ்ச்சியடைந்திருப்பார்களானால் அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெரியார் படத்தைப் போட்டு, அவர் எந்தக் காலத்திலும் சொல்லியிராத வசனத்தை அச்சடித்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக் கொள்ளுகின்ற பழக்கம் நம்மிடையிலும் இருக்கின்றது. அப்படி வந்த ஒன்றை அனுப்பிய தோழரிடம், இது எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில் வந்தது என்று நாம் கேட்டோம். "நல்ல கருத்துத்தானே, எங்கே வந்தால் என்ன?" என்றார். பாகவதரிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அனுமார் தாண்டியது நல்ல கருத்து, எப்படித் தாண்டினால் என்ன? பிறர் பொய்யை நம்பினால் மூடநம்பிக்கை, நம்முடைய பொய்யை நாம் நம்பினால் கொள்கைப் பற்று என்று இரண்டு தராசு வைத்துக் கொண்டிருப்பவனுக்குப் பகுத்தறிவைப் பற்றிப் பேச யோக்கியதை இல்லை.

ஆதலால் இந்த வியாசத்தையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்துக் கொள்ளும்படி வாசகர்களை வேண்டிக் கொள்ளுகின்றோம். நாம் சொன்ன வருஷங்கள் சரிதானா என்று தேடிப் பாருங்கள். நமது வாதத்தில் ஓட்டை இருந்தால் எழுதுங்கள், வெளியிடுகின்றோம். எழுதாமலேயே "சரியாகச் சொன்னார்கள்" என்று மூடி வைப்பீர்களானால், நாமும் ஒரு பாகவதர், நீங்களும் ஒரு பக்தர் என்பதைத் தவிர வேறு பலனில்லை.